யாரிடமிருந்து வந்தது?

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் நாம் கேட்கிற முதல் கேள்வி, "யார்கிட்டேயிருந்து ஒட்டிச்சு?" என்பதுதான். டாக்டரைக் கூப்பிடுவது, கஷாயம் வைப்பது எல்லாம் அதற்கு அப்புறம். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பையன், கல்யாணப் பந்தியில் எதிர் இலையில் இருமிக்கொண்டே சாப்பிட்டவர், ஊரிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிப் போன சித்தப்பா என்று ஒவ்வொருவராக நினைவில் நிறுத்தி விசாரிக்கிறோம். ஒரு பெயர் கிடைத்துவிட்டால் போதும், காய்ச்சலே பாதி இறங்கிவிட்டாற்போல் ஓர் ஆறுதல்.

பரவும் நோய்க்கு நம் முன்னோர் வைத்த பெயர் 'ஒட்டுவாரொட்டி'. நல்ல பெயர். நெருங்கியவரை ஒட்டிக்கொள்வது என்று பொருள். அந்தச் சொல்லில் கொடுத்தவன் என்று ஒருவனும் இல்லை, நெருங்கியவர்கள்தாம் இருக்கிறார்கள். நம்முடைய கேள்வியில்தான் கொடுத்தவன் வந்து நிற்கிறான்.

அந்தக் கேள்வியை 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் என் பெரியம்மாவின் மகன் என்னிடம் கேட்டார்.

பெரியம்மா திருவானைக்கோவிலில் தனியாக இருந்தார். வயது 71. மகனுக்குப் பூனாவில் உத்தியோகம். கொரோனாவின் இரண்டாவது அலை ஊரை அடித்துக்கொண்டிருந்த சமயம். வாரத்துக்கு ஒரு முறை நான் போய் மாத்திரையும் காய்கறியும் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவது வழக்கம். மே 5-ஆம் தேதி, புதன்கிழமை. என் மனைவி டிபன் கேரியரில் சாப்பாடு கட்டிக் கொடுத்திருந்தாள். வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்றுதான் போனேன். "இந்த வெயில்லே வந்திருக்கே, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போப்பா" என்றார் பெரியம்மா. உள்ளே போய் உட்கார்ந்தேன். முகத்தில் கட்டியிருந்த துணியை மோவாய்க்கு இறக்கிவிட்டுக் காப்பி குடித்தேன். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

8-ஆம் தேதி எனக்குக் காய்ச்சல் வந்தது. 10-ஆம் தேதி பெரியம்மாவுக்கு வந்தது. நான் எட்டு நாளில் எழுந்து நடமாட ஆரம்பித்தேன். பெரியம்மா 21-ஆம் தேதி ஆஸ்பத்திரியில் காலமானார். அண்ணனும் அப்போது பூனாவில் காய்ச்சலோடு படுத்திருந்தார். தாயின் தகனத்தைக் கைப்பேசியில்தான் பார்த்தார். அன்று இரவு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீதானே அன்னைக்கு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தே?"

"ஆமாண்ணே."

"சரி" என்றார். பேச்சு அவ்வளவுதான்.

அவர் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அழுதிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன். அந்தச் 'சரி'க்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஓர் ஆண்டுக் காலம் அதை மனத்தில் சுமந்துகொண்டு திரிந்தேன்.

பொதுச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் எனக்கு நண்பர். அவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் கூறாமல் அலமாரியிலிருந்து ஒரு பழைய பாடப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். கொள்ளை நோய்கள் எப்படிப் பரவுகின்றன என்பது பற்றிய புத்தகம். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். கணக்கென்றால் பத்தடி தள்ளி நிற்பேன். ஆனால் அந்தப் புத்தகத்தில் முதலில் வந்தவை கணக்குகள் அல்ல, சொற்கள். சொற்களைக் கண்டு பயப்படுகிறவன் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டான்.

முதல் சொல், நோயரும்பு காலம். கிருமி உடம்பில் புகுந்த நாளுக்கும் முதல் அறிகுறி தெரிகிற நாளுக்கும் இடையில் உள்ள காலம். மொட்டு கட்டிக்கொண்டிருக்கும், பூ தெரியாது. டைபாய்டுக்கு இது பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரம். பெரியம்மைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். கொரோனாவுக்கு இரண்டு நாளிலிருந்து பதினான்கு நாள். பெரும்பாலும் ஐந்து நாளை ஒட்டி.

இரண்டாவது சொல், பரப்பும் காலம். அதாவது நோயாளி பிறருக்கு நோயைக் கொடுக்கக்கூடிய காலம். இந்த இரண்டு காலங்களும் ஒன்றையொன்று தழுவிக்கொள்கின்றனவா, விலகி நிற்கின்றனவா என்பதில்தான் மனிதனுடைய விதி இருக்கிறது. பெரியம்மை ஒரு விதத்தில் நேர்மையான நோய். காய்ச்சல் வந்து உடம்பில் முத்துப் போடுகிற வரையில் அது பெரும்பாலும் அடுத்தவரிடம் போகாது. நோயாளியின் முகமே எச்சரிக்கைப் பலகை. பார்த்தவன் ஒதுங்கிக்கொள்ளலாம். மணல்வாரி அம்மை அப்படி அல்ல. தடிப்புத் தெரிவதற்கு நாலு நாள் முன்பே கொடுக்க ஆரம்பித்துவிடும். கொரோனாவும் அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பே புறப்பட்டுவிடும். சிரித்துப் பேசி, காப்பி குடித்து, "உடம்பைப் பார்த்துக்குங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு வருகிற ஆரோக்கியமான மனிதனுடைய மூச்சில் அது இருக்கலாம்.

இரவில் தூக்கம் வராதபோது தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில் நான் கணக்குப் போட்டிருக்கிறேன். 5-க்கும் 8-க்கும் இடையே மூன்று நாள். புத்தகம் சொல்வது இரண்டு நாள். ஆனால் மூன்று நாள் முன்பும் சிலரிடமிருந்து பரவுவதுண்டு. 5-க்கும் 10-க்கும் இடையே ஐந்து நாள்; நோயரும்பு காலத்துக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துகிறது. ஆகவே நான்தான். மறுநாள் இரவு வேறு கணக்கு. பெரியம்மா வீட்டுக்குப் பால் கொடுக்கிறவர் தினமும் வந்தார், பூக்காரம்மா வந்தாள், முதல் நாள் ரேஷன் கடைக்கும் பெரியம்மா போய் வந்தார். ஆகவே நானாக இருக்க வேண்டியதில்லை. மூன்றாம் நாள் இரவு இன்னொரு கணக்குத் தோன்றியது. ஏன், பெரியம்மாவிடமிருந்து எனக்கு வந்திருக்கக் கூடாதா? தேதிகளைப் பார்த்தால் அதற்குச் சாத்தியம் குறைவு. என்றாலும் அப்படி நினைத்த கணத்தில் மனசு சட்டென்று லேசாகிவிட்டது. இறந்துபோன கிழவியின் தலையில் பழியை ஏற்றிவிட்டு லேசாகிற மனசு! விளக்கைப் போட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்ட விஷயங்களில் அது அவ்வளவு சிலாக்கியமானது அல்ல.

புத்தகத்தில் இன்னொரு சொல் உண்டு. ஒரு நோய் பரவும்போது அதிகாரிகளின் கண்ணில் முதலில் படுகிற நோயாளிக்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். சுட்டு நோயாளி என்று சொல்லலாம். சுட்டுவிரலில் உள்ள அதே சுட்டுத்தான். அவரைக் கொண்டுதான் விசாரணை தொடங்குகிறது. அதனால் அந்தப் பெயர். நோய் உண்மையில் யாரிடம் தொடங்கியதோ அவருக்கு வேறு பெயர். இருவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை என்று புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் அடித்துச் சொல்கிறது. ஊரும் பத்திரிகைகளும் இந்த வித்தியாசத்தைக் கேட்பதே இல்லை. முதலில் அகப்பட்டவர்தான் முதல் குற்றவாளி.

இப்படி அகப்பட்ட ஒருத்தியின் கதையை அந்தப் புத்தகம் ஐந்தாறு வரியில் முடித்துவிட்டது. எனக்கு அது போதவில்லை. தேடிப் படித்தேன்.

மேரி மல்லன் 1869-இல் அயர்லாந்தில் பிறந்தவள். பிழைப்புத் தேடிச் சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குப் போய், நியூயார்க்கில் பணக்காரர் வீடுகளில் சமையற்காரியாக வேலை பார்த்தாள். நல்ல கைப்பக்குவம். 1906-ஆம் ஆண்டு கோடையில் ஆய்ஸ்டர் பே என்ற கடற்கரை ஊரில் ஒரு பாங்கிக்காரரின் குடும்பத்துக்குச் சமைத்தாள். வீட்டில் மொத்தம் 11 பேர். அவர்களில் 6 பேர் டைபாய்டில் விழுந்தார்கள். வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரருக்குக் கவலை. இனி யார் குடி வருவார்கள்? ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதார இஞ்சினீயரைக் கூப்பிட்டுக் காரணம் கண்டுபிடிக்கச் சொன்னார். அவர் தண்ணீரைப் பார்த்தார், பாலைப் பார்த்தார், கடல் சிப்பி இறைச்சியைச் சந்தேகித்தார். கடைசியில், நோய் வருவதற்குச் சற்று முன் வேலைக்கு வந்து, பிறகு போய்விட்ட சமையற்காரியிடம் வந்து நின்றார். அடுப்பில் வெந்த பண்டத்தில் அந்தக் கிருமி பிழைக்காது. ஆனால் மேரி செய்கிற ஒரு பண்டத்துக்கு அந்த வீட்டில் கிராக்கி அதிகம்: பீச் பழத்தைப் பச்சையாக நறுக்கிப் போட்ட ஐஸ்கிரீம்.

அவள் முன்பு வேலை பார்த்த வீடுகளை எல்லாம் சோப்பர் தேடிப் பிடித்தார். எட்டுக் குடும்பங்களில் ஏழில் டைபாய்டு. நோயுற்றவர்கள் 22 பேர். மேரிக்கோ ஒரு நாள் தலைவலிகூட இல்லை.

இங்கேதான் அந்தச் சொல் வருகிறது: கேரியர். நமக்குக் கேரியர் என்றால் டிபன் கேரியர்தான். புத்தகத்தில் அதை முதலில் படித்தபோது எனக்கும் மே 5-ஆம் தேதி கையில் தூக்கிக்கொண்டு போன பாத்திரம்தான் கண் முன் வந்தது. நோயைச் சுமப்பவர் என்று பொருள். கிருமி உள்ளே குடியிருக்கும். சுமக்கிறவரை ஒன்றும் செய்யாது. ஆனால் அவர் வழியாகப் பிறரிடம் போய்க்கொண்டே இருக்கும். டைபாய்டு வந்து பிழைத்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேரிலிருந்து ஐந்து பேர்வரை இப்படி ஆவதுண்டு. பித்தப்பையில் கிருமி தங்கிவிடுகிறது. எவ்வளவு லேசாக வந்துபோயிற்றோ, மேரிக்குத் தனக்கு டைபாய்டு வந்ததாகவே நினைவில்லை.

1907-இல் சோப்பர் அவள் வேலை செய்த வீட்டுச் சமையலறைக்கே போய், "உன்னால் பலர் நோயில் விழுந்திருக்கிறார்கள், உன் மலமும் இரத்தமும் சோதனைக்கு வேண்டும்" என்று கேட்டார். மேரி இறைச்சி அறுக்கும் முள்கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள். மனுஷர் ஓட்டம் பிடித்தார். சோப்பரைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் மேரியின் முரட்டுத்தனத்தை இந்த இடத்தில் சொல்லுவார்கள். எனக்கென்னவோ அந்த மனிதரின் நாகரிகத்தைப் பற்றித்தான் சொல்லத் தோன்றுகிறது. கல்யாணமாகாத, நாற்பதை நெருங்கும் ஒரு பெண் அடுப்பங்கரையில் வேலையாக இருக்கிறாள். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை ஒருவன் வந்து இப்படிக் கேட்டால் அவள் பாயாசம் ஊற்றியா கொடுப்பாள்?

அப்புறம் ஜோசஃபின் பேக்கர் என்ற லேடி டாக்டர் போலீஸ்காரர்களோடு வந்தார். மேரி ஒளிந்துகொண்டாள். பல மணி நேரம் தேடிப் பிடித்து, வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரி சேரும் வரையில் அந்த டாக்டர் அம்மாள் அவள்மேல் உட்கார்ந்துகொண்டே போக வேண்டியிருந்ததாம். சோதனையில் கிருமி இருப்பது உறுதியாயிற்று. ஈஸ்ட் நதியின் நடுவே நார்த் பிரதர் என்ற தீவில் ஒரு சிறு குடிலில் அவளைத் தனியாக வைத்தார்கள். பித்தப்பையை அறுத்து எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு அவள் சம்மதிக்கவில்லை. குற்றச்சாட்டு இல்லை, வழக்கு இல்லை, தண்டனைக் காலம் என்று ஒன்றும் இல்லை. 1909-இல் அவளே கோர்ட்டுக்குப் போனாள். தனியார் சோதனைக்கூடம் ஒன்றில் தன் சாம்பிள்களைக் கொடுத்து, கிருமி இல்லை என்ற முடிவையும் வாங்கி வைத்திருந்தாள். கோர்ட் அவளை விடவில்லை. 1910-இல் புதிதாக வந்த சுகாதாரக் கமிஷனர், இனிச் சமையல் வேலைக்குப் போவதில்லை என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு விடுதலை செய்தார். அவள் துணி வெளுக்கும் வேலைக்குப் போனாள்.

ஐந்து ஆண்டு கழித்து, 1915-இல், நியூயார்க்கில் பெண்களுக்கான ஸ்லோன் பிரசவ ஆஸ்பத்திரியில் 25 பேருக்கு டைபாய்டு கண்டது. இருவர் இறந்தார்கள். சமையலறையில் மேரி பிரௌன் என்ற பெயரில் வேலை செய்துகொண்டிருந்தவள் மேரி மல்லன்.

மறுபடியும் அதே தீவு. 1938 நவம்பரில் அங்கேயே இறந்தாள். இரண்டு தவணையும் சேர்த்து 26 ஆண்டு. டைபாய்டைத் தீர்க்கும் முதல் நல்ல மருந்து வந்தது 1948-இல்.

இந்தக் கதையில் யார் பக்கம் நிற்பது? படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். நான் ஒரு கட்சியிலும் முழுசாகச் சேர முடியாமல் நிற்கிறேன்.

1907 வரையில் அவள் குற்றமற்றவள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. ஆரோக்கியமான உடம்பு நோயைக் கொடுக்கும் என்று அப்போது டாக்டர்களிலேயே பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்கவில்லை. கஷ்டம் அதற்குப் பிறகுதான். அவளிடம் சொல்லிவிட்டார்கள். சொல்லிவிட்டதால் அவளுக்குத் தெரிந்துவிட்டதா? தன் உடம்பு தனக்குக் காட்டாத ஒன்றை ஊரார் வாய் மூலம் நம்புவது அவ்வளவு எளிதா? தனியார் சோதனைக்கூடத்துத் தாள் வேறு அவள் பக்கம் சாட்சி சொன்னது. தவிரவும், 'சமைக்காதே' என்றவர்கள் வேறு என்ன செய்து பிழைப்பாய் என்று யோசித்தார்களா? வெளுப்பதில் கிடைக்கும் கூலி சமையலில் கிடைக்கும் சம்பளத்தில் பாதிகூட வராது. ஒருவன் கையிலிருந்து அவன் தொழிலைப் பிடுங்குவது ஊரின் நன்மைக்காக என்றால், அவன் சோற்றுக்கு ஊர் பொறுப்பேற்க வேண்டாமா? அதே நகரத்தில் பின்னால் நூற்றுக்கணக்கான கேரியர்களைக் கண்டுபிடித்தார்கள். வாக்குறுதியை மீறிய ஒரு ரொட்டிக்கடை முதலாளி 1924-இல் கோர்ட்டுக்கு வந்தார். நீதிபதி புத்திமதி சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். மேரிக்கு வாய்த்ததோ தீவு. அவள் ஏழை, வந்தேறி, தனியாள், போதாததற்கு வாயாடி.

இவ்வளவும் சரி. ஆனால் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியிடம் வரும்போது என் வாய் அடைத்துப்போகிறது. பெயரை மாற்றிக்கொண்டாளே! உள்ளூர நம்பாதவள் எதற்குப் பெயரை மாற்றுகிறாள்? பெயரோடு போனால் வேலை கிடைக்காது, அதனால் மாற்றினாள் என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன். பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் பெண்களுக்குச் சோறு போடுகிற இடம் அது. அந்த ஓர் இடத்தில் நான் மேரியின் பக்கம் நிற்க முடியவில்லை.

நோய் இல்லாதவரையும் இருக்கலாம் என்ற சந்தேகத்தின்பேரில் ஒதுக்கி வைப்பதற்கு அவர்கள் பாஷையில் குவாரண்டைன் என்று பெயர். இத்தாலியச் சொல்லில் நாற்பது என்று அர்த்தம். வெளியூர்க் கப்பல்களை நாற்பது நாள் கடலிலேயே நிறுத்தி வைத்த காலத்துப் பெயர். அதற்கும் முன்னால், 1377-இல், ரகூசா என்ற துறைமுக நகரம் முப்பது நாள் நிறுத்தியது. நம் பக்கத்தில் மண்டபம் கேம்ப் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. ராமேசுவரத்துக்குப் போகிறவர்கள் ஜன்னலில் தலை நீட்டிப் பெயரைப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட நம் கூலி ஜனங்களை, அங்கே நோயைக் கொண்டுபோய்விடக் கூடாது என்று அடைத்து வைத்த முகாமின் பெயர்தான் அது. சந்தேகம் என்பது எப்போதும் முதலில் ஏழையின் மேல்தான் போய் உட்காருகிறது. 2020-இல் வீட்டுக் கதவுகளில் தாள் ஒட்டினார்களே, அப்போது பங்களாவாசிகளுக்கும் அதன் ருசி கொஞ்சம் தெரிந்தது.

மேரியைப் படித்து முடித்தபோது எனக்கு நிம்மதி கூடவில்லை, குறைந்தது. அவளைப்போல் எனக்கு நம்ப முடியாமல் போகவில்லை. நோய் வெளியே தெரியாமலே பரவும் என்று 2021 மே மாதத்தில் எனக்குத் தெரியும். பத்திரிகை பத்திரிகையாகப் படித்திருந்தேன். பிறருக்கு உபதேசம்கூடச் செய்தேன். பொதுவாகத் தெரிந்திருந்தது; எனக்கென்று தெரியவில்லை. ஊரில் ஆயிரம் பேர் மூச்சில் அது இருக்கலாம் என்பதை நம்பினேன். அந்த ஆயிரத்தில் நான் ஒருவன் என்பது மட்டும் மனத்தில் ஏறவே இல்லை. வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று நினைத்துப் போனவன்தானே? அந்த நினைப்பே நான் அறிந்தவன் என்பதற்குச் சாட்சி.

இந்த நிலையில்தான் இன்னொரு சமையற்காரரின் கதை எனக்குக் கிடைத்தது. இரண்டு பேரும் சமையற்காரர்களாக அமைந்தது தற்செயல்தான்.

ஆப்பிரிக்காவில் சோமாலியா தேசம். மெர்க்கா என்ற ஊர் ஆஸ்பத்திரியில் அலி மாவ் மாலின் என்ற 23 வயது இளைஞன் சமையல் வேலை பார்த்தான். 1977 அக்டோபர் 12-ஆம் தேதி, பெரியம்மை கண்ட இரண்டு குழந்தைகளை வண்டியில் கொண்டுவந்தார்கள். நோயாளிகளைத் தனியே வைத்திருக்கும் முகாம் எங்கே என்று வண்டிக்காரர் வழி கேட்டார். வா, காட்டுகிறேன் என்று மாலின் தொற்றி ஏறிக்கொண்டான். சில நிமிஷப் பயணம். உபகாரம்தான் செய்தான். ஆனால் அவன் அம்மை குத்திக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் கட்டாயம் குத்திக்கொள்ள வேண்டும். வலிக்கும் என்று பயந்து தப்பித்துக்கொண்டிருந்தான். 22-ஆம் தேதி காய்ச்சல். சரியாகப் பத்து நாள். முதலில் மலேரியா என்றார்கள், அப்புறம் சின்னம்மை என்றார்கள். அதற்குள் நண்பர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியம்மை என்று தெரிந்தபோது உலகமே பதறிற்று. ஏனென்றால் நோய் மற்ற இடங்களில் எல்லாம் ஒழிந்துவிட்டது. இந்தியாவில்கூட 1975 மே மாதத்தோடு தீர்ந்துவிட்டது. கடைசிப் பொறி இவனிடம் இருந்தது.

அவனோடு தொடர்புபட்ட 161 பேரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். தொடர்பு என்பது இந்தச் சாஸ்திரத்தில் ஒரு முக்கியமான சொல். நோயாளியை நெருங்கியவர் என்று அர்த்தம். நெருங்கியவர்களைச் சுற்றி, அவர்களை நெருங்கியவர்களைச் சுற்றி என்று வட்டம் வட்டமாக அம்மை குத்தினார்கள். இரண்டு வாரத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல். நோயாளியைக் கண்ணால் பார்த்தே அடையாளம் காணலாம் என்ற அந்த நோயின் 'நேர்மை'தான் இதற்குக் கை கொடுத்தது. மாலினிடமிருந்து ஒருவருக்கும் ஒட்டவில்லை. இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் சங்கிலி அவனோடு அறுந்தது. 1980-இல் நோய் ஒழிந்ததாக உலகம் அறிவித்தது. அவனோடு வண்டியில் வந்த குழந்தைகளில் ஆறு வயதுப் பெண் பிழைக்கவில்லை.

மாலின் பிழைத்து எழுந்தான். பின்னாளில் போலியோ சொட்டு மருந்து இயக்கத்தில் சேர்ந்து ஊர் ஊராகப் போனான். மறுக்கும் தாய்மார்களிடம் தன் கதையையே சொல்லுவானாம். 2013-இல் போலியோ மறுபடி தலைகாட்டியபோது அந்த வேலையாக அலைந்துகொண்டிருக்கையில் மலேரியாவில் இறந்துபோனான்.

மாலினை யாரும் தூற்றியதில்லை. அவன் செய்த பிழையை எடுத்து நிறுத்துப் பார்த்தால் என் பிழைக்குக் குறைந்ததா? அவனும் அறிந்தவன்தான். ஓர் ஊசி வலிக்கும் என்று ஒதுங்கினான்; நான் ஒரு காப்பியை மறுக்கச் சங்கடப்பட்டேன். அவனிடமிருந்து ஒருவருக்கும் ஒட்டவில்லை. அவன் நண்பர்களில் ஒருவன் இறந்திருந்தால் அவனைப் பற்றி நாம் வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருப்போம். என் பெரியம்மா பிழைத்திருந்தால் அந்தக் காப்பி பாசத்துக்கு அடையாளமாகக் குடும்பத்தில் பேசப்பட்டிருக்கும். செய்தது ஒன்றுதான், விளைவை அதிர்ஷ்டம் பங்கு போடுகிறது. குற்ற உணர்ச்சி மட்டும் விளைவைப் பார்த்தே அளக்கிறது. அந்த மே மாதத்தில் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் முகத்துணியை இறக்கிவிட்டுக் காப்பி குடித்திருப்பார்கள்! அவர்களில் பலருக்கு இன்று இரவு நல்ல தூக்கம். அவர்கள் என்னைவிடப் புண்ணியவான்கள் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் அவர்களைவிடப் பாவி என்றும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்று டாக்டர் நண்பர் சொன்னார். இதில் முதல் பாதி எனக்கு எளிதாக வருகிறது.

இந்தச் சாஸ்திரம் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுப்பார் என்று ஒரு கணக்குச் சொல்கிறது. மணல்வாரிக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு. அந்த எண் ஒன்றுக்குக் கீழே இறங்கினால் நோய் தானே அணைந்துபோகும். ஆனால் சராசரி என்பது ஒரு மாயம். பலர் ஒருவருக்குக்கூடக் கொடுப்பதில்லை. சிலர் இருபது பேருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எவர் எந்த வகை என்பது போகப் போகத்தான் தெரியும். அந்த எண்ணில் யாருடைய பெயரும் இல்லை. ஒட்டுவாரொட்டி என்ற நம் சொல்லைப்போல, நெருங்கியவர்கள்தாம் இருக்கிறார்கள். அதைப் படித்தபோது சற்று மூச்சு வாங்கிக்கொள்ள இடம் கிடைத்தது. ஆனால் என் அண்ணன் கேட்டது எண்ணை அல்ல.

2022 மே மாதம் பெரியம்மாவின் முதல் வருஷத் திதிக்கு அண்ணன் திருவானைக்கோவிலுக்கு வந்திருந்தார். காரியம் எல்லாம் முடிந்து, சாப்பிட்ட பிறகு திண்ணையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் மடியில் வைத்திருந்த காலண்டர்த் தாளை எடுத்தேன். 5, 8, 10 என்று தேதிகளைச் சொன்னேன். பால்காரரையும் பூக்காரம்மாவையும் விட்டுவிட்டேன். என்னிடமிருந்து வந்திருக்கலாம் என்பதற்கு உள்ள சாத்தியத்தை மட்டும் சொன்னேன். முகத்துணியை இறக்கியதையும் சொன்னேன்.

அவர் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ போனப்ப அம்மா நல்லா இருந்தாங்களா?" என்றார்.

"நல்லா இருந்தாங்கண்ணே. அவங்கதான் காப்பி போட்டாங்க. அவங்களும் ஒரு டம்ளர் குடிச்சாங்க."

"சக்கரை போட்டா போடாமலா?"

"போட்டுத்தான். 'அவன்கிட்டே சொல்லிடாதே'ன்னாங்க."

அண்ணன் சிரித்தார். பிறகு, "என்ன பேசினாங்க? முதல்லேயிருந்து சொல்லு" என்றார். அந்த அரை மணி நேரத்தைச் சொல்லி முடிக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று.